குளிர்ந்து வெளியேறிய ஆவி

அணு உலையானாலும் விறகுக் கொதிகலனானாலும் கணக்கு ஒன்றுதான். ஆவி சூடாக நுழைந்து குளிர்ந்து வெளியேறுகிறது. இடையில் அது இழக்கும் வெப்பத்தைத்தான் வேலையாக்குகிறோம். 1957இல் கிருஷ்ணகிரி எண்ணெய் ஆலை ஒன்றில் கொதிகலனின் ஆவிக்குழாயை மாற்றியதும், ஆவி தன்னைக் குளிர்விக்கும் கிணற்று நீரைவிடவும் குளிர்ந்து வெளியேறியது. அப்படி நடக்கவே முடியாது. ஆனால் விறகு பாதி மிச்சமானதால் முதலாளி எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து, அங்கே தீ போடும் சென்னப்பனுக்கு வியர்ப்பது நின்றது. களி கொண்டுவந்த மனைவி பூவம்மாள் அவன் கையைத் தொட்டாள்.

“ஏய்யா, நெருப்பு முன்னாடியே நிக்கிற, கை பாறையாட்டம் சில்லுனு இருக்குது! பழைய கொழாய மாட்டச் சொல்லு.”

“சொன்னா மொதலாளி வேற ஆள வெச்சுக்குவாரு. அப்புறம் உங்கப்பன் மாட்டத்தான் மேய்க்கணும்.”

“மேய்ச்சா என்ன? உசுரோட இருப்ப.”

சுடச்சுடக் களியை அவன் உள்ளங்கையில் வைத்தாள். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அது ஆறி இறுகியது. அதே நொடியில், விறகு போடாமலேயே, கொதிகலனின் அழுத்தமானி முள் ஒரு கோடு மேலேறியது.