ஊதாச் சொட்டு

"கரகரப்பு காதைக் கிழிக்குது பெனி, உள்ள இருக்கிற டயோடை மட்டும் மாத்திக் குடு. வாங்கினதுலேர்ந்து யாரும் இதைத் திறந்ததில்ல" என்று சொல்லி, கிதார் ஒலிக்கு முறுக்கேற்றக் காலால் மிதிக்கும் மலிவான ஓவர்டிரைவ் பெடலை மனைவியின் ரிப்பேர் மேசையில் வைத்துவிட்டுப் போனான் செல்வின். பெனிட்டா மூடியைக் கழற்றினாள். டயோடுகளை யாரோ ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள். ஈயத்தை உருக்கிப் பற்றவைத்த இடமெல்லாம் பாதரசத் துளிபோல் மின்னியது. அவள் கைக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. ஆடாமலிருக்க உள்ளே ஒவ்வொரு திருகின் மேலும் ஊதா நிறத்தில் ஒரு சொட்டு நகப்பூச்சு வைக்கப்பட்டிருந்தது. பெனிட்டா நகப்பூச்சு வாங்குவதே இல்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்; ஒரு துணுக்குதான் பெயர்ந்தது. எதையும் மாற்றாமல் மூடியைத் திருகி வைத்தாள்.

மாலையில் செல்வின் பெடலை மிதித்து, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான்.

"இப்பதான் சரியா இருக்கு."

"முன்னாடி நல்லா இல்லையா?"

"சீச்சீ, அதெல்லாம் ஒரு சத்தமா? உன் கை பட்டாத்தான் எதுவும் சரியா வருது."

அந்தக் கையைப் பிடிக்க அவன் எட்டினான். ஊதாத் துணுக்கு நகக்கண்ணில் அப்படியே இருந்தது. பெனிட்டா விரல்களை மடக்கிக்கொண்டு, "இன்னொரு தடவை வாசிங்க" என்றாள்.