பஞ்சு அடைத்த கண்ணாடிச் செருப்பு

முகமூடி விருந்தில் இளவரசனோடு ஆடிய குண்டுப் பெண் ஒருத்தி, போகிற அவசரத்தில் ஒற்றைக் கண்ணாடிச் செருப்பை விட்டுப் போய்விட்டாள். அது யார் காலுக்குப் பொருந்துகிறதோ அவளே மணப்பெண் என்றான் இளவரசன். மந்திரிக்கோ தன் ஒல்லி மகளை ராணியாக்க ஆசை. செருப்புக்குள் பஞ்சைத் திணித்துவிட்டார்.

"தம்பி, அவள் வருவதற்குள் வெளியே போய்விடேன்," என்று கெஞ்சியது செருப்பு.

"நான் என்னக்கா செய்ய? திணிச்சாங்க, உட்கார்ந்துட்டேன்," என்றது பஞ்சு.

"எல்லா ஆட்சியிலும் எல்லாரும் இதைத்தானே சொல்றீங்க!"

செருப்பைப் போட்டுப் பார்க்க வந்த பெண்களின் வரிசை நகர்ந்தது. தன் சொந்தக்காரியின் காலடிச் சத்தம் செருப்புக்குக் கேட்டது. அவள் காலை நுழைத்தாள். பாதியில் நின்றுவிட்டது.

"என் கால்தான் பெருசு போல," என்று தலைகுனிந்து காலை இழுத்துக்கொண்டாள்.

செருப்பால் அதைத் தாங்க முடியவில்லை. தன்னை வைத்திருந்த மெத்தையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. குதிகாலில் விரிசல் விட்டது. பஞ்சு வெளியே சிதறியது.

"உடைஞ்ச செருப்பை இனி யார் போடுவா?" என்று கத்தினார் மந்திரி.

அவள் பஞ்சைப் பார்த்தாள். மந்திரியையும் பார்த்தாள்.

"நான் போடுவேன். என்னோடதுதானே."

கால் சிக்கென்று உட்கார்ந்தது. பின்னால் நின்ற மந்திரி மகள்தான் முதலில் கைதட்டினாள்.