அம்மாவுக்கு முன்னால் ஓடுகிறவர்

உலக வரலாற்றில் சைக்கிளுக்கு முன்னால் ஓடிய எவனையும் யாரும் மதித்ததில்லை. என் அப்பா ஓடிக்கொண்டிருக்கிறார். ஓடையோரப் பாதையில் இலைகளுக்கு நடுவே இறங்கும் வெயில் அவர் வழுக்கையில் விழுந்து விழுந்து மறைகிறது. நடக்க வந்தவர்களிடமெல்லாம், “கொஞ்சம் ஒதுங்குங்க, அவளுக்கு இன்னும் பிரேக் பிடிக்க வரலை” என்கிறார். பின்னால் ஐம்பது வயதில் சைக்கிள் பழகும் அம்மா, இன்றைக்காவது கால் ஊன்றாமல் மரப்பாலத்தைத் தொட்டுவிடுவதென்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறாள். செயின் முனகுகிறது, ஓடை அதைக் கண்டுகொள்ளாமல் சலசலக்கிறது. “தலையில ஒரு சைரன் வெச்சுக்கோங்கப்பா” என்கிறேன், சைக்கிளுக்குப் பக்கத்தில் விறுவிறுவென்று நடந்தபடி. வளைவில் அப்பா மூச்சு வாங்கி பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். “கால ஊனிடட்டுமாடா?” அம்மாவின் குரல் ஹேண்டில்பாரோடு சேர்ந்து ஆடுகிறது. “பாலம் தெரியுதும்மா, மிதி.” எதிரே ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு வருகிறார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவரை ஒதுங்கச் சொல்ல நான் ஓடுகிறேன்.