தலைகீழ்ச் செம்பருத்தி

குத்தவைத்து உட்கார்ந்தே நூகாலம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. செத்துப்போன புருஷன் சூரிபாபுவிடம் வைத்த கடனுக்காக, கடியம் ஊரில் தன் வீட்டு முற்றத்திலேயே அவன் நர்சரிக்குச் செம்பருத்திக் குச்சிகளைக் கருப்புப் பைகளில் நட்டு வேர் பிடிக்கவைத்தாள்.

"துனி ஊருல மக நிறைமாசம், பாபு. என்ன அனுப்பிவிடுங்க."

"உன் கைராசிய விட்டுட்டு நான் மண்ணையா திங்கிறது? என்னைக்குக் குச்சி அழுகுதோ அன்னைக்குப் போ. கடனும் கேக்கமாட்டேன்."

அதனால் இந்த முறை எல்லாக் குச்சியையும் தலைகீழாக நட்டாள். மண்ணுக்குள் போகவேண்டிய சாய்வெட்டு முனைகள் வானம் பார்த்து நின்றன. தண்ணீரும் ஊற்றவில்லை.

சில வாரத்தில் முனைகளில் நூல்நூலாய் ஏதோ வெளுத்துத் தொங்கியது. பூஞ்சணம் என்று நினைத்துத் துணிமூட்டையைக் கட்டிவைத்தாள்.

சூரிபாபு வந்து தொட்டுப் பார்த்தான். வேர். கருப்புப் பையைக் கிழித்தான். காய்ந்த மண்ணுக்குள் ஒரு சிவப்புப் பூ முழுசாய் விரிந்திருந்தது. அடுத்த பையிலும் அப்படியே.

"அடேயப்பா! இந்தக் கையையா அனுப்பச் சொல்ற?" என்று சிரித்தான். "ஆனா மண்ணுக்குள்ள பூத்தத எவன் வாங்குவான்? இது கணக்குல சேராது."

புதுக் குச்சிக்கட்டை இறக்கிவைத்துவிட்டுப் போனான். அவள் புருஷன் கால்வாயில் கவிழ்த்த ஒரு லாரிச் செம்பருத்திச் செடி கடன் கணக்கில் இன்னும் பாக்கி.