பதிப்பாண்டு இல்லாத ஏழு புத்தகங்கள்

கதவு திறந்ததுமே வஸீலா குலவையிட்டுவிட்டார்.

துனிஸ் பல்கலைக்கழகத்தில் அதுதான் வழக்கம். ஆய்வேட்டுத் தேர்வு முடிந்து கதவு திறந்தால் பையன் டாக்டர். யாரும் தோற்றதாகக் கேள்விப்பட்டதில்லை. ஏழை மலையூரான கஸ்ஸரினிலிருந்து வேனில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மக்ரூத் இனிப்புத் தட்டின் துணியையும் விலக்கிவிட்டார்.

"ஒரு வருஷம் தள்ளி வைக்கிறோம்," என்றார் தேர்வுக் குழுத் தலைவர் லஸ்ஸாத்.

குலவை பாதியில் நின்றது.

"காலேஜ்ல ஆளு கூடக் கூட நாடு செழிக்கும்னு ஆறு வருஷமா கணக்குப் போட்டு எழுதியிருக்கான் என் பையன். அதுல தப்பா?"

"அதுல இல்லம்மா. கடைசியில புத்தகப் பட்டியல் இருக்கு. அதுல ஏழு புத்தகத்துக்குப் பதிப்பாண்டு இல்லை."

வஸீலா மகனைப் பார்த்தார். மச்சானிடம் இரவல் வாங்கிய கோட்டுக்குள் நௌஃபல் தலைகுனிந்து நின்றான். வயது முப்பது.

"புத்தகத்துக்கு வருஷம் இல்லைன்னு என் பையனோட வருஷத்தைப் புடுங்கிக்கிறீங்களா?"

"விதி அப்படி."

"விதியா! உங்க பிள்ளையா இருந்தா இந்நேரம் நீங்களே ஏழையும் எழுதிச் சேர்த்திருப்பீங்க. கஸ்ஸரின்காரன்தானே, கிடக்கட்டும்னு நினைச்சிட்டீங்க. டாக்டரோட அம்மான்னு தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன். எந்த மூஞ்சியோட திரும்பிப் போவேன்?"

"அம்மா, விடும்மா."

"நீ பேசாதடா! நீ இப்படி நிக்கிறதாலதான் உன் தலைமேல ஏறி உட்கார்ந்திருக்காங்க." லஸ்ஸாத்தின் பக்கம் திரும்பினார். "இதுல ஒரு துண்டுகூட உங்க தொண்டையில இறங்காது!"

தட்டை மூடிக்கொண்டு படியிறங்கினார். கீழே காவலாளியிடம் அவர் பொருமுவது மேலே வரை கேட்டது.

லஸ்ஸாத் நௌஃபலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். ஆய்வேட்டை மேசைமேல் ஓங்கி அறைந்தார்.

"போன வருஷம் டாக்டர் ஆனானே ஹைகல், இப்ப எங்கே?"

"அமைச்சக வாசல்ல சார். வேலையில்லாத டாக்டர்கள் போராட்டப் பந்தல்ல."

"நீ டாக்டர் ஆகியிருந்தா?"

"நாளைக்கே ஹாஸ்டல் சாவியைக் கொடுக்கணும் சார். கேன்டீன் அட்டை, பஸ் பாஸ், எல்லாம் போயிடும்."

"காலையில பேப்பர் பார்த்தியா? இந்த வருஷமும் மாணவர் எண்ணிக்கை கூடியிருக்காம். நாடு முன்னேறுதாம். வெளியே போக இடமில்லாம உள்ளேயே நிக்கிறவனையும் சேர்த்து எண்ணிட்டு, கூசாம பல்லைக் காட்டுறான் மந்திரி! நீயும் அதையே நிரூபிச்சு எழுதிட்டு வந்திருக்கே!"

கீழே வஸீலா இப்போது லஸ்ஸாத்தின் பரம்பரையைத் தொட்டிருந்தார்.

லஸ்ஸாத் ஜன்னலையும் சாத்தினார்.

"அந்த ஏழு வருஷத்தையும் நீயே வேணும்னு அழிச்சதை அம்மாகிட்ட உளறிடாதே. என்னையே திட்டட்டும்," என்றார். "அடுத்த தடவை பக்க எண்ணை அழிச்சிட்டு வா."