அஞ்சுகத்தின் வாசல்

கடல் ஏறி வருகிறது என்று மீனவர் குப்பத்துக்குச் சொல்லிக்கொடுக்க நகரத்திலிருந்து ஒரு கலைக்குழு வந்திருந்தது. ஈர மணலில் கட்டம் கிழித்து, கட்டத்துக்கு ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். "உங்க வீட்டு வாசல்ல போடற கோலத்தையே போடுங்கக்கா. அலை வந்து அழிக்கிறத நாங்க படம் பிடிச்சுக்கறோம்" என்றாள் குழுவை நடத்தும் ஹரிணி.

அஞ்சுகம் மாவுக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். அவள் குடியிருந்த கடற்கரைத் தெரு தண்ணீருக்குள் போன பிறகு அவளுக்குக் கிடைத்தது மூன்றாம் மாடியில் ஒரு வீடு. கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. கோலமாவைத் தொட்டே இரண்டு வருஷமாகிவிட்டது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலில் இறங்கினாள். முழங்கால் ஆழத்தில் நின்று கரையைத் திரும்பிப் பார்த்தாள். நடுக்கடலில் மீன் கிடக்கும் இடத்தை அவள் புருஷன் கரையிலுள்ள அடையாளங்களை நேர்பார்த்துக் கண்டுபிடிப்பதுபோலவே, கோயில் கொடிமரத்துக்கு நேர் பின்னால் ஐஸ் கம்பெனித் தொட்டி வரும்வரை பக்கவாட்டில் நகர்ந்தாள். இன்னும் ஓரடி.

"அக்கா, அங்க போட்டா எப்பிடி நிக்கும்?" என்று கத்தினாள் ஹரிணி.

"வாசல்ல போடறதத்தானே போடச் சொன்ன? இதாம்மா எங்க வாசலு."

அஞ்சுகம் குனிந்தாள். ஏழு புள்ளியில் தொடங்கி நான்கில் முடியும் கோலம். ஒவ்வொரு புள்ளியும் விழுந்த இடத்திலேயே வெள்ளையாகக் கலங்கிப் போயிற்று. அவள் அவசரப்படாமல் எல்லாவற்றையும் வைத்து, கோடிழுத்து, கடைசி வளைவையும் மூடினாள்.

நிமிர்ந்தபோது கரை எதிரே பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நேரே நடந்தால் கோலத்தின்மேல் கால் படும். அவள் சுற்றிக்கொண்டு வந்தாள்.