போர்வைக்குள் மாமி

சக்கர நாற்காலி கட்டிலை ஒட்டி அப்படியே நின்றது. கட்டிலில்தான் ஆள் இல்லை.

கையுறை வாங்க மெடிக்கல் கடைக்குப் போய்விட்டு அரை மணி நேரத்தில் திரும்பிய சத்யப்பிரியா பாத்ரூமையும் எட்டிப் பார்த்தாள்; அங்கும் இல்லை. பதினோரு மணிக்கு ராமநாதபுரத்திலிருந்து தேர்வாளர் வருகிறார். ஓராண்டு வீட்டுப் பராமரிப்புப் பயிற்சியின் கடைசி பிராக்டிகல். அவள் கவனித்துக் காட்ட வேண்டிய உம்மு ஹபீபா, வயது அறுபத்தெட்டு, இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர், எங்கே?

“சுஹாக்கா! அம்மாவக் காணோம்!”

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மருமகள் சுஹா தடதடவென்று இறங்கி வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். நம்பிக்கை இல்லாமல் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள்.

“இஃப்திகார் வேலையாத்தான் இருக்கும். போன மாசமும் சொல்லாமக் கொள்ளாம கார்ல தூக்கி வச்சு மாமியத் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான்ல?”

இஃப்திகார் உம்மு ஹபீபாவின் தங்கை மகன். அவன் போன் சுவிட்ச் ஆஃப். மணி பத்து ஐம்பது. கட்டிலருகே வேறு என்ன குறைகிறது என்று பதற்றத்தில் இருவரும் கவனிக்கவில்லை.

“இத விட்டா இன்னும் ஆறு மாசம் கழிச்சுத்தான் பரீட்சைக்கா. அதுக்குள்ள ஊர்ல எங்கய்யா எனக்கு மாப்பிள்ளையப் பாத்து முடிச்சுருவாரு.” சத்யாவுக்கு அழுகை முட்டியது.

சுஹா ஒரு நிமிடம் யோசித்தாள். செருப்பைக் கழற்றினாள். கட்டிலில் ஏறினாள்.

“நான் படுக்கிறேன்.”

“நீங்களா? உங்களுக்கு இருபத்தாறு வயசுக்கா!”

“முக்காடு எதுக்கு இருக்கு? போர்வைய மூக்கு வரைக்கும் இழுத்துவிடு. மாமி மாதிரி முனக எனக்குத் தெரியாதா? நாலு மாசமாக் கேக்குறேன்.”

கீழக்கரையின் அந்தச் சந்துக்கு முதல் தடவை வருகிறவர்கள் நாலு போன் பண்ணி, இரண்டு வீட்டுக் கதவைத் தவறாகத் தட்டித்தான் வந்து சேருவார்கள். தேர்வாளர் உமையாள் மேடம் ஒரு போன்கூடப் பண்ணாமல், சொன்ன நேரத்துக்கு உள்ளே வந்து நின்றார். கட்டிலை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு ஃபைலைத் திறந்தார்.

“நீ பாட்டுக்குச் செய்யிம்மா. நான் இருக்கேன்னே நினைக்காத.”

சத்யா கையைக் கழுவிக் கையுறை மாட்டினாள். ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தாள். “அம்மா, இப்ப பிரஷர் பாக்கப் போறேன்.” போர்வை முனகியது.

“நூத்திப் பத்து, எழுபதா?” மேடம் எட்டிப் பார்த்தார். “அறுபத்தெட்டு வயசுல?”

“சாப்பாட்டுல உப்பக் குறைச்சிட்டேன் மேடம்.”

“கையில மருதாணி நல்லாச் செவந்திருக்கே.”

“வயசானாலும் ஆசை இருக்கும்ல மேடம்.”

படுக்கைப் புண் இருக்கிறதா என்று பார்க்க உள்ளங்காலைத் தொட்டதும் கட்டிலே குலுங்கியது. போர்வைக்குள்ளிருந்து ‘க்ளுக்’ என்று ஒரு சத்தம்.

“இருமல் மேடம்,” என்றாள் சத்யா.

அடுத்த நொடி போர்வைக்குள் போன் அடித்தது. நிறுத்தப்போன சுஹாவின் விரல் எதில் பட்டதோ, துபாயிலிருந்து கணவன் குரல் கணீரென்று வந்தது. “என்ன தங்கம், ஒரே இருட்டா இருக்கு? மூஞ்சியக் காட்டு!”

சத்யா போர்வைக்குள் கையை விட்டு போனை அமுக்கினாள். “மகன் மேடம். வெளிநாட்டுல இருக்காரு.”

“உம்மாவத் ‘தங்கம்’னா கூப்பிடுறாரு?”

“ரொம்பப் பாசம் மேடம்.”

மேடம் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். சத்யா சக்கர நாற்காலிக்குப் பிரேக் போட்டாள், கால்பலகையை மடக்கினாள், முழங்காலுக்கு முழங்கால் முட்டுக் கொடுத்தாள். “ஒன்னு, ரெண்டு...” மூன்று சொல்வதற்குள் நோயாளி தானே எழுந்து நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார்.

“ஒரு குறையும் இல்ல,” என்று மேடம் ஃபைலில் கையெழுத்துப் போடப் போனார். “பாஸ்.”

அந்த வார்த்தைக்காக ஒரு வருடம் காத்திருந்தவளுக்கு அதை இப்படி வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. கையுறையைக் கழற்றினாள்.

“கையெழுத்துப் போடாதீங்க மேடம். இவங்க பேஷண்ட் இல்ல, அவங்க மருமக. அம்மாவ யாரோ கார்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. பயத்துல பொய் சொல்லிட்டேன்.”

சுஹா முக்காட்டை விலக்கி அசட்டுச் சிரிப்புச் சிரித்தாள். “என் யோசனைதான் மேடம். அவளத் திட்டாதீங்க.”

“கார்லதான் போனாங்கன்னு எப்படிச் சொல்ற?”

“வேற எப்படி மேடம் போவாங்க? நாலு மாசமா நடக்கப் பழக்குறேன். வாக்கரப் பிடிச்சுப் பாத்ரூம் வாசல் வரைக்கும் வருவாங்க. அதுக்கு மேல ஒரு எட்டு வைக்கச் சொன்னா பயந்து அழுதுருவாங்க.”

அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்தைப் போட்டு முடித்தார்.

“வாசத் திண்ணையில மூச்சு வாங்கிட்டு உக்காந்திருக்காங்க. பஸ் ஸ்டாப்புல இருந்து வாக்கரப் பிடிச்சு என்னைய நடந்தே கூட்டிட்டு வந்தது அவங்கதாம்மா!”